பாபநாசம் முதல் புன்னக்காயல் வரை: ஆறும் கடலும் ஒரே நோட்டில்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. நன்னீர் மீன்களையும் கழிமுகத்து உயிர்களையும் கரையோரக் கடலையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட வசதியான ஆறு கிடைப்பது கடினம். காலையில் மலையடிவாரத்தில் தண்ணீர் எடுத்துவிட்டு, மாலைக்குள் வள்ளங்கள் கரையேறும் இடத்துக்குப் போய்விடலாம்.

சில ஆண்டுகளாக ஒரு சிறு குழுவோடு சேர்ந்து இந்த ஆற்றின் நீரையும் மீனையும் மேலிருந்து கடல்வரை பதிவு செய்து வருகிறேன். இந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் முதன்மையானது இதுதான்: அளந்த எண்ணோடு, அது எந்த நேரத்தில், எந்த ஆழத்தில், எந்த வலையில், யார் கையில் கிடைத்தது என்ற விவரமும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த விவரம் இல்லாத எண்ணைப் பத்து வருடம் கழித்து யாரும் பயன்படுத்த முடியாது. எடுத்தவருக்கே அது புரியாமல் போகும். இந்தப் பக்கம் வேலை செய்ய வரும் மாணவர்களுக்காகவும், ஆற்றங்கரையில் பிறந்து ஆர்வத்தோடு குறிப்பெடுக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆராய்ச்சியில் ஆறு ஒரு துறை, கடல் வேறு துறை. நிதி தருபவர் வேறு, அனுமதி தருபவர் வேறு. மனிதர்கள் அப்படிப் பிரிந்தே இருந்ததில்லை. தாமிரபரணிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு கெண்டையை 1954-ல் அறிவியலுக்கு விவரித்து, அதற்கு இந்த ஆற்றின் பெயரையே வைத்தவர் இ.ஜி. சைலஸ். அதே சைலஸ்தான் பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். அந்தக் கெண்டை இன்று டாகின்சியா பேரினத்தில் இருக்கிறது. ஆண் மீனின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் இழை இழையாக நீண்டு நீரில் அலையும். கல்லும் தெளிந்த நீரும் உள்ள இடத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் மேல்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. கடல்பக்கம், 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு. இரண்டிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு நத்தை ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. அனுமதி வர மாதங்கள் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அணைக்கட்டுகளைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மீன் ஏலம் போகும் கரைகளிலும் ஆட்களோடு பழக அந்த மாதங்கள் நல்ல வாய்ப்பு. எனக்குக் கிடைத்த தகவல்களில் பாதி அப்படிப் பழகியதால் வந்தவை.

காலையில் மலையடிவாரம், மாலையில் கடல் என்று சொன்னேன் அல்லவா, அந்த வசதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லோரும் இயல்பாக அப்படித்தான் பயணத்தைத் திட்டமிடுவார்கள். விடிந்ததும் பாபநாசம், ஒன்பது மணிக்கு அம்பாசமுத்திரம், உச்சி வெயிலில் திருநெல்வேலி, பிற்பகலில் ஸ்ரீவைகுண்டம், பொழுது சாயும்போது புன்னக்காயல். இப்படி ஒரு வருடம் போய்வந்தால் கையில் அழகான அட்டவணை இருக்கும். மேலே குளிர்ந்த நீர், கீழே சூடான நீர். நீர் அமிலமா காரமா என்று காட்டும் pH எண் மேலே குறைவு, கீழே அதிகம். பார்த்தவுடன் ஆறு கீழே போகப் போக மாறுகிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த வித்தியாசத்தில் எவ்வளவு இடத்தால் வந்தது, எவ்வளவு வெயில் ஏறியதால் வந்தது என்று அந்த அட்டவணையிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. காலை நீர் எப்போதும் பாபநாசத்து நீராகவும், மாலை நீர் எப்போதும் புன்னக்காயல் நீராகவும் இருந்துவிட்டதே!

இதற்கு வழி எளிதானது. ஒரு மாதம் மேலிருந்து கீழே வந்தால், அடுத்த மாதம் கீழிருந்து மேலே போக வேண்டும். ஆள் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்து ஒரே நேரத்தில் இரண்டு முனைகளிலும் தொடங்கலாம். அதற்கும் முடியாதவர்கள், ஏதாவது ஓரிடத்திலாவது விடியலிலிருந்து மறுநாள் விடியல்வரை மூன்று மணிக்கொரு தடவை அளந்து பார்த்துவிட வேண்டும். ஒரு நாளுக்குள் நீர் எவ்வளவு மாறுகிறது என்பது தெரிந்துவிட்டால், இடத்துக்கிடையே தெரியும் வித்தியாசம் பெரிதா சிறிதா என்று எடைபோட முடியும்.

நீரில் கரைந்த ஆக்சிஜனில் இது மிக நன்றாகத் தெரியும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைத்திருக்கும். நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கீழே, பாசி தழைத்த ஒரு தேங்கலில் பிற்பகலில் மீட்டரை வைத்தால் அதைவிடவும் அதிகமாகக் காட்டும். பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டிருப்பதால் வரும் எண் அது. அதைப் பார்த்து நீர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதே இடத்துக்குக் கிழக்கு வெளுக்கும் முன் போய்ப் பாருங்கள். இரவெல்லாம் பாசியும் மீனும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும் சுவாசித்து முடித்த பிறகு அங்கே மிஞ்சியிருப்பது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும். மீன் உயிர் பிழைப்பது அந்தக் குறைந்த எண்ணைப் பொறுத்தது. மீன் செத்து மிதப்பதைப் பெரும்பாலும் காலையில்தான் பார்க்கிறோம் என்பதற்கு ஒரு முக்கியக் காரணமும் இதுவே. ஆகாயத்தாமரை மூடிய இடமானால் பகலிலும் வெளிச்சம் உள்ளே போகாது. அங்கே பகல் அளவும் நம்பிக்கை தராது.

மீட்டர் வாங்கப் பணம் இல்லாதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள ஒரு சல்லடையும் ஒரு வெள்ளைத் தட்டும் போதும். ஆற்றின் கல்லைக் காலால் கிளறி, கீழ்ப்பக்கம் வலையை வைத்துப் பிடித்து, சல்லடையில் அலசி, தட்டில் கொட்டிப் பாருங்கள். மலையடிவாரத்தில் வால் இழைகளோடு நெளியும் பூச்சிக் குஞ்சுகள் கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் நிறைந்த ஓடுநீர் இல்லாமல் அவை வாழாது. சாக்கடை கலக்கும் இடத்துச் சேற்றை அலசினால், வண்ணமீன் வளர்ப்பவர்கள் தீனியாகப் போடும் அந்தச் செந்நிற ரத்தப்புழுக்கள் தட்டை நிறைக்கும். அவற்றின் உடலில் நமக்கு இருப்பதைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிப்பதற்கு அது உதவுகிறது. மீட்டர் அந்த நிமிடத்தைச் சொல்லும். இந்தப் பூச்சிகளோ கடந்த சில வாரங்கள் நீர் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். இதே சல்லடையைக் கழிமுகத்துக்கும் எடுத்துச் செல்லலாம். அங்கே பூச்சிகளுக்குப் பதிலாகக் கடற்புழுக்களும் சிறு சிப்பிகளும் கிடைக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே சல்லடை, ஒரே பரப்பு, ஒரே நேர அளவு என்று வைத்துக்கொண்டால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். நடுவில் வேறு சல்லடைக்கு மாற நேர்ந்தால் அந்த நாளிலிருந்து நோட்டில் தெளிவாகக் குறித்து வையுங்கள்.

கழிமுகத்துக்கு வந்தால் கணக்கே வேறு. உப்புநீர் கனமானது, நன்னீருக்கு அடியில் புகுந்து ஆற்றுக்குள் ஏறும். படகிலிருந்து கையை நீட்டி மேல்நீரை மொண்டு பார்த்தால் நன்னீராக இருக்கும். அதே இடத்தில் அடியில் கடல்நீர் இருக்கும். மேலே இருக்கும் மீன் ஒன்று, அடியில் இருக்கும் மீன் வேறு. ஆகவே மேல்நீர், அடிநீர் இரண்டையும் எடுக்காமல் கழிமுகத்தில் உப்பளவு எழுதுவதில் அர்த்தமில்லை. அடிநீர் எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. கனத்துக்குக் கல் கட்டிய ஒரு பாட்டில், அதற்கு ஒரு தக்கை, தக்கையில் ஒரு கயிறு. அடிக்கு இறக்கிய பிறகு கயிற்றைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்து நீர் உள்ளே நிறையும். உப்பளவைப் பார்க்க இது தாராளமாகப் போதும். ஆக்சிஜன் பார்க்க மட்டும் இது சரிவராது, நீர் குமிழியிட்டுக் காற்றோடு கலந்துவிடும்.

ஆக்சிஜன் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் உப்பளவைத் திருத்தும் அமைப்பு இருக்கும். ஆற்றில் பூஜ்யத்தில் வைத்திருந்ததை அப்படியே கழிமுகத்துக்குக் கொண்டுவந்தால் எண் கூடுதலாகக் காட்டும். 30 டிகிரியில் கடல்நீர் பிடித்து வைத்திருக்கக்கூடியது லிட்டருக்குச் சுமார் 6.2 மில்லிகிராம்தான். நன்னீரோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு குறைவு.

மன்னார் வளைகுடாவில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும், அதாவது கடல்மட்டம் ஏறி நிற்பதற்கும் இறங்கி நிற்பதற்கும், உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் இங்கே கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது என்பதைக் கடல் மட்டும் தீர்மானிப்பதில்லை, ஆறு எவ்வளவு நீரைக் கொண்டுவருகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கோடையில் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி நீர் வராத நாட்களில் உப்பு மேலே ஏறும். ஆத்தூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் அதை எங்கள் கருவிகளுக்கு முன்பே தெரிந்துகொள்வார்கள். கிணற்று நீர் கரிக்கத் தொடங்கிய நாளை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். கழிமுகத்தில் நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு பதிவிலும் தேதியோடு பிறையும், ஏத்தமா வத்தமா என்பதும், முந்தின நாள் அணைக்கட்டில் நீர் விட்டார்களா என்பதும், அன்று அடித்த காற்று தெற்கிலிருந்து வரும் சோழகமா, வடக்கிலிருந்து வரும் வாடையா என்பதும் இருக்கும்.

இனி மீன். இங்கேதான் எனக்கு ஆறும் கடலும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

விலாங்கு ஆற்றில் வளர்ந்து முட்டையிட ஆழ்கடலுக்குப் போகிறது. அதன் குஞ்சுகள் கண்ணாடி போன்ற உடலோடு கரைக்கு வந்து, ஆற்றில் ஏறி, ஆண்டுக்கணக்கில் உள்ளே வாழ்கின்றன. கொடுவா ஆற்றிலும் காயலிலும் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்கு உப்புநீர் நோக்கி இறங்குகிறது. முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன் அது. மடவை கடலில் முட்டையிட, குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வரும். பெரிய ஆற்று இறாலின் கதை இதற்கு மறுபக்கம்: தாய் நன்னீரில் இருக்கும், ஆனால் பொரித்த குஞ்சு பிழைக்க உப்பு கலந்த நீர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆறு திறந்திருக்க வேண்டும். தாமிரபரணியிலோ கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். நெல்லுக்கும் வாழைக்கும் நீர் கொடுத்து திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை வாழவைப்பவை அவை. அவற்றைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. கேள்வி ஒன்றுதான்: எந்த உயிர் எந்த அணைக்கட்டுவரை ஏறுகிறது?

இதற்குப் பதில் தேடும்போதுதான் பூஜ்யத்தின் அருமை தெரிந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே மடவை கிடைக்கிறது, மருதூருக்கு மேலே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "கிடைக்கவில்லை" என்று எழுத வேண்டுமானால் அங்கே எத்தனை மணிநேரம், எத்தனை மீட்டர் வலை, என்ன கண்ணியளவில் விரித்தோம் என்பது நோட்டில் இருக்க வேண்டும். வலை விரித்து ஒன்றும் படாத நாளை எழுதாமல் விட்டுவிட்டால், பிற்பாடு அந்த இடத்தில் மீன் இல்லையா, வலையே விரிக்கவில்லையா என்று தெரியாது. மீன் பட்ட நாளைப் போலவே படாத நாளுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள் என்று எங்களோடு வரும் மாணவர்களிடம் சொல்வேன். நேரம், வலை, நீரளவு, வானிலை எல்லாம் எழுதி, கடைசியில் பூஜ்யம்.

கண்ணியளவு முக்கியம். மீனவர் வலை சந்தைக்கான அளவு மீனைப் பிடிக்கச் செய்யப்பட்டது. அதில் அயிரையோ உளுவையோ படாது. அதனால் அவை ஆற்றில் இல்லை என்று ஆகிவிடாது. சிறு கண்ணி, பெரிய கண்ணி, வீச்சுவலை, கல்லிடுக்குக்குக் கூடு என்று பலவற்றையும் பயன்படுத்தி, எது எதில் பட்டது என்று தனித்தனியாக எழுத வேண்டும். இரவில் மட்டும் வெளியே வரும் விலாங்கைப் பகல்வலையில் தேடிப் பயனில்லை.

பிறகு மனிதர்களிடம் கேட்பது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றுமீன் பிடிக்கும் ஓர் அண்ணாச்சி எனக்கு இதில் ஆசிரியர். நாங்கள் வினாத்தாளோடு உட்கார்ந்திருந்ததைச் சிறிதுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, விலாங்கு மேல ஏறுமான்னு கேட்டா எல்லாரும் ஏறும்னுதான் சொல்லுவாங்க. நீ கடைசியா எங்க பாத்த, எந்த மாசம், கல்லுலயா சேத்துலயா, யாரு கூட இருந்தான்னு கேளும்மா." அதன் பிறகு எங்கள் வினாத்தாளில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளே இல்லை. படங்களைக் காட்டும்போது, இந்த ஆற்றில் நிச்சயம் இல்லாத ஒரு மீனின் படத்தையும் நடுவில் சேர்த்துக்கொள்கிறோம். அதையும் பார்த்ததாகச் சொல்பவரின் மற்றப் பதில்களைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: வயதானவர் ஒருவர் "அந்தக் காலத்துல" என்று சொன்னால், அது எந்தக் காலம் என்று அவருடைய வாழ்க்கையோடு பொருத்திக் கேட்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு முன்பா பின்பா, பெருவெள்ளத்துக்கு முன்பா பின்பா என்றால் வருடம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

உள்ளூர்ப் பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதி, கூடவே அளவுகோல் வைத்த ஒரு படமும் எடுத்துவிடுங்கள். ஆரலும் விலாங்கும் குட்டியாக இருக்கும்போது பழகாத கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆரலின் முதுகில் சிறு முட்கள் வரிசையாக இருக்கும். படம் இருந்தால் பிறகு சரிபார்க்கலாம்.

கடல்கரையில் வேலை வேறு விதம். அங்கே நாங்கள் வலை விரிப்பதில்லை, கரைக்கு வரும் மீன்பாட்டைப் பார்த்துப் பதிவதுதான் வேலை. வள்ளம் கரையேறி மீன் ஏலத்துக்குப் போகும்வரை கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். மீனின் விலை அந்த நிமிடங்களில் இருக்கிறது. ஸ்கேலும் நோட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றால் அது அவர்கள் பிழைப்பில் குறுக்கே நிற்பதுதான். ஏலம் முடிந்ததும் வாங்கியவரிடம் கேட்டு, கூடையில் கைக்கு வந்ததை வரிசையாக அளக்கிறோம். பெரியதைத் தேர்ந்தெடுக்கக் கை போகும், அதை அடக்கிக்கொள்ள வேண்டும். மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கு எந்த மாதம் எது சினையோடு வரும் என்பது துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் அறுப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்காத ஆய்வு பாதி ஆய்வுதான் என்பது என் கருத்து.

சங்காயம் என்று ஒதுக்கப்படும் குவியலையும் பாருங்கள். கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகும் அந்தக் குவியலில்தான் சந்தைக்கு வராத சிறு இனங்களும், வளர்ந்தால் நல்ல விலைபோகும் மீன்களின் குஞ்சுகளும் இருக்கின்றன. கரையோரத்தில் எந்த மாதம் எந்தக் குஞ்சு வருகிறது என்று அறிய அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் கரைக்கு வருவதெல்லாம் நாட்டுப்படகு மீன். தடைக்கு முந்தின வாரத்தையும் தடைக்காலத்தையும் நேராக ஒப்பிட்டு மீன் குறைந்தது, கூடியது என்று எழுதுவது தவறு. மாறியது படகும் வலையும். கடலில் இருக்கும் மீனைப் பற்றி அந்த ஒப்பீடு ஒன்றும் சொல்லாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாது. புன்னக்காயலுக்குப் பக்கத்திலிருக்கும் காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. வீடுகளும் பயிரும் ஆடுமாடும் போன துயரத்துக்கு முன் மீன் கணக்கு பெரிதில்லை. முதலில் எங்களால் முடிந்த நிவாரண வேலையைத்தான் செய்தோம். தண்ணீர் வடிந்து ஊர் ஓரளவு நிமிர்ந்த பிறகு நாங்கள் ஆற்றுக்குப் போனபோது, பழகிய இடங்களே அடையாளம் தெரியவில்லை. மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் ஆகியிருந்தது. ஆகாயத்தாமரை குவியல் குவியலாகக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்தது. நிரம்பி உடைந்த குளங்களிலிருந்து எந்த மீன் ஆற்றுக்கு வந்தது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. சிலேபி உப்புநீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி, வளர்க்கத் தடை இருந்தும் குளங்களில் இருக்கிறது. அது எதையும் தின்னும், காற்றையும் சுவாசிக்கும்.

அப்போது எங்களுக்குக் கைகொடுத்தவை பழைய நோட்டுகள். வெள்ளத்துக்கு முன் அதே இடத்தில், அதே மாதத்தில், அதே வலையில் என்ன இருந்தது என்று எழுதிவைத்திருந்ததால்தான் எது புதிது, எது போனது என்று பேச முடிந்தது. இடங்களுக்கு நாங்கள் மண்டபம், படித்துறை, பாலத்தூண் என்று கரையிலிருக்கும் அசையாத அடையாளங்களை வைத்திருந்தோம். ஜிபிஎஸ் எண்ணோடு இதுவும் எழுதியிருந்தது பெரிய உதவி. மணல்திட்டையோ ஒற்றை மரத்தையோ அடையாளமாக வைத்தால் அடுத்த வெள்ளத்தில் அது போய்விடும். இந்த ஆறு கரையை மாற்றுவது புதிதும் இல்லை. பாண்டியரின் முத்துத் துறையாக ஆற்றுமுகத்தில் இருந்த கொற்கை, வண்டல் படிந்து படிந்து இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது.

நோட்டைப் பற்றியும் கொஞ்சம். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் கரையும். அன்றன்றைக்கு இரவே பக்கங்களைப் படம் எடுத்து இரண்டு பேரிடம் வைத்துவிடுங்கள். கணினியில் ஏற்றும்போது அசல் எண்ணைத் திருத்தாதீர்கள். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அப்படியே விடுங்கள். அளப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று வைத்து, எழுதுபவர் எண்ணைத் திரும்பச் சத்தமாகச் சொல்லும் பழக்கம் பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

பாதுகாப்பில் ஒருபோதும் சலுகை கொடுக்காதீர்கள். அணைக்கட்டில் மதகு திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் ஆற்றில் இறங்கக் கூடாது, வானம் தெளிவாக இருந்தாலும் மலையில் பெய்த மழை கீழே வரும். படகில் உயிர்காப்பு உடையை அணிந்துகொள்ள வேண்டும், பக்கத்தில் வைத்திருந்தால் போதாது. பிடித்த உயிர்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலினைக் கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடாதீர்கள். சாக்கடை கலக்கும் இடத்தில் காலில் சின்னக் கீறல் இருந்தாலும் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் வேலையின் ஒரு பகுதி. புன்னக்காயல் பக்கம் வலை பின்னும் ஒரு கொட்டகையில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறோம். ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த நாள் மேல்நீர் உப்பு, அடிநீர் உப்பு, வெப்பம் என்று மூன்று எண்ணை மட்டும் எழுதுவோம். முதலில் ஆய்வறிக்கையின் சுருக்கத்தைத்தான் ஒட்டலாம் என்று நினைத்தோம். "அதெல்லாம் வேண்டாம், தண்ணி எப்படி இருக்குன்னு மட்டும் போடுங்க" என்று கேட்டது அவர்கள். இப்போது நண்டுவலை விடுபவர்கள் அந்தப் பலகையைப் பார்க்கிறார்கள். கொடிக்கால்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார். எண் மாறிப் போயிருந்தால் எங்களை அழைத்துக் கேட்பவர்களும் உண்டு. அப்படி வந்த அழைப்புகளால்தான் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வாய் குறுகியதை நாங்கள் உடனே அறிந்தோம்.

அடுத்த வடகிழக்குப் பருவமழை நின்றதும், மருதூர் அணைக்கட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரே இரவில் ஒரே வகை வலையும் கூடும் போட்டு, விலாங்கும் ஆற்று இறாலும் எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்கப் போகிறோம். விலாங்குக் குஞ்சு ஈரமான சுவரில் ஊர்ந்து ஏறக்கூடியது, மடவையால் அது முடியாது. இரண்டுக்கும் அந்த ஒரே கட்டு ஒரே மாதிரித் தடையாக இருக்காது என்று எதிர்பார்க்கிறேன். எட்டுக் கட்டுகளிலும் இதைச் செய்ய எங்கள் கைகள் போதாது. நெல்லை, தூத்துக்குடிக் கல்லூரிகளில் விலங்கியல் படிப்பவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். ஒரு வெப்பமானி, ஒரு சல்லடை, உள்ளூர் மீன்காரர் ஒருவரின் நட்பு, ஒரு தடித்த நோட்டு, இவற்றோடு மாதம் ஒரு நாள் விடியலில் தொடங்கலாம்.